பர்கரைத் தாண்டி அமெரிக்காவில் என்ன சாப்பிடலாம், என்ன குடிக்கலாம்?

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். மே மாதம் மூன்று வாரம் அமெரிக்கப் பயணம். நியூயார்க்கில் இறங்கி, நியூ ஆர்லியன்ஸில் சில நாள் தங்கி, கடைசியில் டெக்சஸ் மாநிலத்தின் ஆஸ்டினில் இருக்கும் தம்பி வீட்டுக்குப் போகிறீர்கள். பர்கர், பீட்சா, கோக் தவிர அமெரிக்காவுக்கென்று சாப்பாடு ஏதாவது உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். கூட வரும் அம்மா சைவம். கேக்கில் கலந்த முட்டை மட்டும் பரவாயில்லை என்பவர்.

உண்டு, நிறையவே உண்டு. ஆனால் அது ஊர் ஊராகப் பிரிந்து கிடக்கிறது. ஹைவே ஓரத்தில் வரிசையாகத் தெரியும் செயின் கடைகளில் எந்த மாநிலத்தில் நுழைந்தாலும் ஒரே மெனு, ஒரே ருசி. அங்கேயே மூன்று வாரமும் சாப்பிட்டுவிட்டுத் திரும்பினால் அமெரிக்கச் சாப்பாட்டைப் பார்க்கவே இல்லை என்றுதான் அர்த்தம். அதே போல, ஒரு ஊரின் பண்டத்தை இன்னொரு ஊரில் தேடக் கூடாது. திருநெல்வேலி அல்வாவை தாம்பரம் பஸ் ஸ்டாண்டில் வாங்கித் தின்றுவிட்டு "இவ்வளவுதானா?" என்று கேட்கிற கதையாகிவிடும். எந்த ஊரில் இருக்கிறீர்களோ அந்த ஊர்க்காரர்கள் எதைச் சாப்பிடுகிறார்கள் என்று பாருங்கள். உங்கள் பயண வரிசையிலேயே சொல்கிறேன்.

நியூயார்க்கின் சாப்பாடு, கப்பலில் வந்து இறங்கியவர்கள் கொண்டுவந்த சாப்பாடு. கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வந்த யூதர்கள் பேகலையும் பஸ்ட்ராமியையும் கொண்டுவந்தார்கள், இத்தாலியர்கள் பீட்சாவை. பேகல் என்பது வளையமாக உருட்டிய மாவை முதலில் கொதிக்கும் தண்ணீரில் போட்டு எடுத்து, அப்புறம் அடுப்பில் சுடுவது. அதனால்தான் மேல்தோல் பளபளப்பாக இறுகியும், உள்ளே மெல்லுவதற்கு நல்ல இழுவையோடும் இருக்கும். சூடாக அடுப்பிலிருந்து வந்ததை க்ரீம் சீஸ் தடவி வாங்குங்கள். அம்மாவுக்கு நியூயார்க்கில் காலைப் பலகாரம் இதுதான். நீங்கள் மீன் சாப்பிடுவீர்கள் என்றால், உப்பில் பதப்படுத்தி மெல்லிசாகச் சீவிய சாமன் மீன், வெங்காயம், கேப்பர்ஸ் என்ற ஊறவைத்த சிறு பூமொட்டு சேர்த்துக் கேளுங்கள்.

மன்ஹாட்டனின் கீழ்க் கிழக்குப் பகுதியில் ஹூஸ்டன் தெருவுக்கு ஒரு மதியம் போய் வாருங்கள். 1888-இல் தொடங்கிய காட்ஸ் டெலிகாட்டெசன் என்ற உணவகம் அங்கேதான் இருக்கிறது. மாட்டிறைச்சியை உப்புக் கரைசலில் ஊறவைத்து, மிளகும் கொத்தமல்லி விதையும் அப்பி, புகை போட்டு, கடைசியில் ஆவியில் வேகவைத்தது பஸ்ட்ராமி. மிஷினில் சீவாமல் கையால் கனமாக வெட்டி, ரை ரொட்டிக்கு நடுவே அடுக்கித் தருவார்கள். நுழையும்போது, வாங்குவதைக் குறித்துக்கொள்ள ஒரு சீட்டு கொடுப்பார்கள். வெளியே போகும்வரை அதைத் தொலைக்காதீர்கள். மாட்டிறைச்சி சாப்பிடாதவர்களும் அம்மாவும் அதே தெருவில் சற்றுத் தள்ளி, 1910-இலிருந்து நடக்கும் யோனா ஷிம்மல் கடைக்குப் போகலாம். அங்கே கிடைக்கும் க்னிஷ் என்பது மசித்த உருளைக்கிழங்கை மெல்லிய மாவில் பொதிந்து சுட்டது. காரம் இருக்காது, கடுகு சாஸ் தொட்டுக்கொள்ள வேண்டும். வயிறு நன்றாக நிறையும்.

பீட்சாவை ஒதுக்கிவிட வேண்டாம். அமெரிக்காவின் முதல் பீட்சாக் கடை என்று பெயர் பெற்ற லொம்பார்டிஸ் 1905-இல் மன்ஹாட்டனில்தான் தொடங்கியது. ஆனால் உட்கார்ந்து முழு பீட்சா சாப்பிடுவதைவிட, தெருமுனைக் கடையில் ஒரு துண்டு வாங்கி, நடுவில் மடித்து, நின்றபடியே சாப்பிடுவதுதான் அந்த ஊர் வழக்கம். குடிக்க எக் க்ரீம் கேளுங்கள். பெயரைப் பார்த்து அம்மா பயப்பட வேண்டாம், முட்டை கிடையாது: பால், சாக்லேட் சிரப், சோடா, அவ்வளவுதான்.

நியூ ஆர்லியன்ஸில் எத்தனை நாள் தங்க முடியுமோ அத்தனை நாள் தங்குங்கள். அமெரிக்காவில் எனக்கு மிகவும் பிடித்த சாப்பாடு அந்த ஊருடையது. பிரெஞ்சுக்காரர்களும் ஸ்பானியர்களும் ஆண்ட ஊர். அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர்களும், அந்த மண்ணின் பழங்குடிகளும், பின்னால் வந்த இத்தாலியர்களும் ஆளுக்கொன்றாக அந்த அடுப்பில் சேர்த்திருக்கிறார்கள். கம்போ என்ற ஒரே குழம்பில் இத்தனை பேரையும் பார்க்கலாம். மாவையும் எண்ணெயையும் கனமான பாத்திரத்தில் போட்டு மிதமான தீயில் கிளறிக்கொண்டே இருப்பது பிரெஞ்சு முறை. அதற்கு ரூ என்று பெயர். பிரான்ஸில் பெரும்பாலும் வெளிர் நிறத்தோடு நிறுத்துவார்கள். நியூ ஆர்லியன்ஸ் இருக்கும் லூயிசியானா மாநிலத்தில் முக்கால் மணி நேரம், ஒரு மணி நேரம் என்று கிளறி, சாக்லேட் நிறத்துக்குக் கொண்டுவருவார்கள். கை நின்றால் அடிப்பிடித்துவிடும், அப்புறம் கொட்டிவிட்டு முதலிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். சரியான நிறம் வந்ததும் வெங்காயம், செலரி, குடைமிளகாய் மூன்றையும் நறுக்கிப் போடுவார்கள். குழம்பைக் கெட்டியாக்கும் வெண்டைக்காய் ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது. வெண்டைக்காய் போடாதவர்கள் சாஸஃப்ராஸ் என்ற மரத்தின் இலையைக் காயவைத்துப் பொடித்த ஃபீலே பொடியைத் தூவுவார்கள். அது சாக்டா பழங்குடிகளிடமிருந்து வந்த வழக்கம். இறால், நண்டு போட்டது ஒரு வகை, கோழியும் அன்டூயி என்ற புகை போட்ட சாசேஜும் போட்டது இன்னொரு வகை. நடுவில் ஒரு கரண்டி வெள்ளைச் சோறு வைத்துக் கிண்ணத்தில் தருவார்கள். குழம்பும் சோறும் தின்று வளர்ந்தவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

கம்போ சாப்பிட டூக்கி சேஸ் உணவகத்துக்குப் போகச் சொல்வேன். 1941-இல் தொடங்கியது. அதை நடத்திய லியா சேஸ் 2019-இல் தமது 96-ஆவது வயதில் காலமானார். கறுப்பர்களும் வெள்ளையர்களும் ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிடுவதைச் சட்டம் தடுத்த காலத்தில், குடிமையுரிமைப் போராட்டக்காரர்கள் இந்த உணவகத்தின் மாடி அறையில்தான் கூடிப் பேசினார்கள். அவர்களுக்குக் கம்போவும் பொரித்த கோழியும் பரிமாறியவர் அவர். அந்த வரலாறு தெரிந்து அங்கே உட்காரும்போது சாப்பாட்டின் மதிப்பே வேறு.

அங்கே தவறவிடக் கூடாதவை இன்னும் சில இருக்கின்றன. போ பாய் என்பது மேல்தோல் மொறுமொறுவென்று நொறுங்கும் நீள ரொட்டியில் பொரித்த இறாலோ சிப்பியோ வைத்துத் தருவது. 1929-இல் டிராம் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, முன்பு டிராமில் வேலை பார்த்த மார்ட்டின் சகோதரர்கள் தங்கள் கடையில் அவர்களுக்கு இலவசமாகக் கொடுத்த சாப்பாடு இது என்பது அந்த ஊர் சொல்லும் வரலாறு. "டிரெஸ்டா?" என்று கடையில் கேட்பார்கள். லெட்டூஸ், தக்காளி, ஊறுகாய் வெள்ளரி, மயோனைஸ் எல்லாம் வேண்டுமா என்று பொருள். ஆமாம் என்று சொல்லுங்கள்.

மே மாதம் போவது நல்லதாகப் போயிற்று; கிராஃபிஷ் பருவம் அப்போது இன்னும் முடிந்திருக்காது. சதுப்பு நிலங்களிலும் தண்ணீர் நிற்கும் நெல் வயல்களிலும் வளரும், விரல் நீளமுள்ள சிறு லாப்ஸ்டர் அது. மிளகாய்ப்பொடியும் மசாலாவும் கொதிக்கும் பெரிய அண்டாவில் உருளைக்கிழங்கு, சோளக்கதிர், பூண்டு எல்லாவற்றோடும் வேகவைத்து, காகிதம் விரித்த மேசையில் அப்படியே கொட்டுவார்கள். தலையையும் வாலையும் பிடித்துத் திருகிப் பிரித்து, வாலின் ஓட்டை உரித்துச் சாப்பிட வேண்டும். தலையில் தங்கிய சாற்றை உறிஞ்சுவது உள்ளூர்க்காரர் பழக்கம், கூச்சப்படாமல் நீங்களும் செய்யுங்கள். அமெரிக்காவில் நம் நாக்குக்கு நிஜமாகவே உறைக்கிற சாப்பாடு என்று இதைச் சொல்லலாம். அம்மாவுக்கு மட்டும் அந்த உருளைக்கிழங்கை எடுத்துக் கொடுத்துவிடாதீர்கள், எல்லாம் ஒரே தண்ணீரில் வெந்தது.

நியூ ஆர்லியன்ஸ் காபி உங்கள் எல்லோருக்கும் பிடிக்கும் என்று உறுதியாகச் சொல்வேன். காரணம் சிக்கரி. நம் ஃபில்டர் காபியில் கலக்கிறோமே, அதே சிக்கரி வேர்தான். பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து வந்த பழக்கம். 1860-களின் உள்நாட்டுப் போரில் துறைமுகம் முடக்கப்பட்டு காபிக்கொட்டை கிடைக்காமல் போனபோது இன்னும் வேரூன்றியது. 1862 முதல் இயங்கும் கஃபே டு மோன்டில் சிக்கரிக் காபியில் சூடான பாலைச் சரிபாதி ஊற்றித் தருவார்கள். சர்க்கரை நீங்கள்தான் போட்டுக்கொள்ள வேண்டும். கூடவே பென்யே: சதுரமாக வெட்டிப் பொரித்த மாவு, மேலே மலையாகக் குவித்த பொடிச் சர்க்கரை. சாப்பிடும்போது மூச்சை இழுக்கக் கூடாது, பேசவும் கூடாது. சர்க்கரை பறந்து கறுப்புச் சட்டை வெள்ளையாகிவிடும்.

அடுத்தது டெக்சஸ். நான் வசிக்கும் மாநிலம் என்பதால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன். பார்பிக்யூ என்றால் நம்மூர் ஹோட்டல்களில் மேசையிலேயே கம்பியில் சுட்டுத் தருவது என்று நினைத்துக்கொண்டு வருபவர்கள் அதிகம். இங்கே அது தணலில் சுடுவதே இல்லை. தள்ளி எரியும் விறகின் புகையிலும் வெப்பத்திலும் மணிக்கணக்காக வேகவைப்பது. மத்திய டெக்சஸில் அரசன் பிரிஸ்கட், அதாவது மாட்டின் நெஞ்சுப்பகுதி. எந்நேரமும் உழைக்கும் தசை என்பதால் அவசரமாகச் சமைத்தால் மெல்லவே முடியாது. ஐந்தாறு கிலோ துண்டை உப்பும் கரகரப்பாகப் பொடித்த மிளகும் மட்டும் தடவி, போஸ்ட் ஓக் என்ற மரத்தின் விறகில், 110 முதல் 130 டிகிரி செல்சியஸுக்குள் வைத்து 12 மணி நேரத்துக்கு மேல் விடுவார்கள். தசையை இறுக்கிப் பிடித்திருக்கும் கொலாஜன் அந்த நீண்ட வெப்பத்தில் கரைந்து பிசின் போலாகிவிடும். வெளியே எடுக்கும்போது கரி போலக் கறுத்திருக்கும், ஆனால் கருகியிருக்காது. வெட்டினால் விளிம்பில் ஒரு இளஞ்சிவப்பு வளையம். நல்ல பிரிஸ்கட் துண்டை விரலில் தொங்கவிட்டால் அறுந்து விழக் கூடாது, இலேசாக இழுத்தால் பிரிந்துவிட வேண்டும்.

19-ஆம் நூற்றாண்டில் இங்கே குடியேறிய ஜெர்மானிய, செக் கசாப்புக் கடைக்காரர்கள் விற்காமல் மிஞ்சிய இறைச்சி கெட்டுப்போகாமல் இருக்கப் புகை போட்டார்கள். பருத்தி எடுக்க வந்த கூலித் தொழிலாளர்கள் அதை வாங்கி, பொதிந்து கொடுத்த காகிதத்திலேயே வைத்துச் சாப்பிட்டார்கள். இன்றும் தட்டு கிடையாது, காகிதம்தான். எடை போட்டுத்தான் விற்பார்கள். "லீனா, மாய்ஸ்டா?" என்று கேட்டால், கொழுப்பு குறைந்ததா நிறைந்ததா என்று பொருள். முதல் தடவை கொழுப்புள்ளதில் கால் பவுண்டு வாங்கிப் பாருங்கள். கூட வெள்ளை ரொட்டி, பச்சை வெங்காயம், ஊறுகாய் வெள்ளரி வரும்.

ஆஸ்டினிலேயே ஃப்ராங்க்ளின் பார்பிக்யூ உலகப் புகழ் பெற்றது, ஆனால் வரிசையில் பல மணி நேரம் நிற்க வேண்டியிருக்கும். பெரியவர்களை வைத்துக்கொண்டு அது வேண்டாம். தெற்கே ஏறக்குறைய 50 கிலோமீட்டரில் லாக்ஹார்ட் என்ற சிறு ஊர் இருக்கிறது. டெக்சஸின் பார்பிக்யூ தலைநகரம் என்று மாநிலச் சட்டமன்றமே தீர்மானம் போட்ட ஊர். ஸ்மிட்டீஸ் கடைக்குள் நுழைந்தால் நடைபாதை ஓரத்திலேயே, தரையோடு தரையாக, ஓக் விறகு எரிந்துகொண்டிருக்கும். அதைத் தாண்டித்தான் உள்ளே போக வேண்டும். சுவரெல்லாம் தலைமுறை தலைமுறையாகப் படிந்த புகைக் கறுப்பு. 1900-இல் தொடங்கிய க்ரூட்ஸ் மார்க்கெட்டும் அதே ஊரில் இருக்கிறது. அங்கே நீண்ட காலம் சாஸும் கிடையாது, முள்கரண்டியும் கிடையாது. இறைச்சி நன்றாக இருந்தால் இரண்டும் எதற்கு என்பது அவர்கள் கொள்கை, நானும் அந்தக் கட்சி. மாட்டிறைச்சி சாப்பிடாதவர்கள் புகை போட்ட வான்கோழி நெஞ்சு, கோழி, பன்றி விலா கேட்கலாம். சாசேஜில் பெரும்பாலும் மாட்டிறைச்சி கலந்திருக்கும், கேட்டுவிட்டு வாங்குங்கள்.

அம்மாவுக்கு ஆஸ்டினில் கவலையில்லை. உருளைக்கிழங்கு, பீன்ஸ், சீஸ் எல்லாம் மெல்லிய ரொட்டியில் வைத்துச் சுருட்டித் தரும் பிரேக்ஃபாஸ்ட் டாக்கோ இந்த ஊரின் தினசரிப் பலகாரம். முட்டை வேண்டாம் என்று சொன்னால் போடாமல் தருவார்கள். பச்சை சால்சா என்ற மிளகாய்ச் சட்னி நன்றாக உறைக்கும், தைரியமாக ஊற்றிக்கொள்ளச் சொல்லுங்கள். டல்லாஸ் பக்கம் காரில் போனால் வழியில் வெஸ்ட் என்ற செக் குடியேற்ற ஊரில் கொலாச்சி வாங்குங்கள். மெத்தென்ற பன்னின் நடுவே ஆப்ரிகாட், பிளம் போன்ற பழக்கூழ் வைத்தது. டெக்சஸின் மாநில மரமே பெக்கான் என்பதால் பெக்கான் பை (pie) என்ற இனிப்பும் இங்கே சாப்பிட வேண்டியது. பெக்கான், வால்நட்டுக்கு உறவுக்காரக் கொட்டை. தித்திப்பு அதிகம் என்பதால் ஒரு துண்டை மூன்று பேர் பகிர்ந்துகொண்டால் போதும்.

உங்கள் வழியில் வராத ஊர்களைப் பற்றி அதிகம் சொல்லி ஆசை காட்டவில்லை. இன்னொரு முறை வந்தால் ஆகஸ்ட், செப்டம்பரில் நியூ மெக்ஸிகோ போங்கள், பச்சை மிளகாயை இரும்புக் கூண்டில் சுழற்றிச் சுடும் வாசனை ஊரெல்லாம் அடிக்கும், எந்தச் சாப்பாட்டுக்கும் "சிவப்பா, பச்சையா?" என்று மிளகாய்ச் சாறைத்தான் கேட்பார்கள். மெய்ன் மாநிலத்தில் லாப்ஸ்டர் ரோல், சிகாகோவில் கெட்சப் போடாத ஹாட் டாக். ஜார்ஜியா, தென் கரோலினா சாலையோரங்களில் உப்புப் போட்டு வேகவைத்த பச்சை வேர்க்கடலை பெரிய அண்டாக்களில் விற்கும். அது அம்மாவை ஊரில் இருப்பதாகவே நினைக்கவைக்கும்.

குடிப்பதற்கு வருவோம். தென் மாநிலங்களில் ஸ்வீட் டீ என்பது சூடான தேநீரிலேயே சர்க்கரையைத் தாராளமாகக் கரைத்து, ஆறவைத்து, ஐஸ் போட்டுத் தருவது. வெயிலுக்கு அருமை. டாக்டர் பெப்பர் என்ற குளிர்பானம் டெக்சஸின் வேக்கோ நகரில் 1885-இல் ஒரு மருந்துக்கடையில் பிறந்தது; கோக்கைவிட ஒரு வயது மூத்தது. ரூட் பீர் என்பதும் சோடா பானம்தான், மது கிடையாது. அதில் விண்டர்கிரீன் என்ற மூலிகையின் வாசனை இருப்பதால் வலி நிவாரணத் தைலம் தடவிய ஞாபகம் வரும், நம்மவர்கள் பலர் ஒரு வாயோடு வைத்துவிடுவார்கள். வெனிலா ஐஸ்கிரீம் ஒரு உருண்டை போட்டு ஃப்ளோட்டாகக் குடித்துப் பாருங்கள், அப்போதுதான் அதன் அருமை தெரியும். மது அருந்துவீர்கள் என்றால் பூர்பன் என்ற அமெரிக்க விஸ்கி. பாதிக்கு மேல், குறைந்தது 51 சதவீதம், சோளம் இருக்க வேண்டும்; உள்பக்கம் தீயில் கருக்கிய புது ஓக் பீப்பாயில்தான் வைக்க வேண்டும்; இது சட்டம். நிறமும் வெனிலா வாசனையும் அந்தப் பீப்பாயிலிருந்து வருபவை. 21 வயது நிபந்தனை கண்டிப்பானது. நரைத்த தலையாக இருந்தாலும் அடையாள அட்டை கேட்பார்கள், பாஸ்போர்ட் கையில் இருக்கட்டும்.

காலையில் டைனர் என்ற சிறு உணவகங்களில் பான்கேக் சாப்பிடும்போது ஒன்றைக் கவனியுங்கள். மேசையில் இருக்கும் பாட்டில் பெரும்பாலும் வாசனை சேர்த்த சோளச் சிரப். நிஜ மேப்பிள் சிரப் இருக்கிறதா என்று கேளுங்கள், தனியாகக் காசு வாங்கினாலும் கொடுங்கள். குளிர்காலம் முடியும் தருணத்தில் மேப்பிள் மரத்தில் துளையிட்டு எடுக்கும் நீரை ஏறக்குறைய 40 லிட்டர் காய்ச்சினால்தான் ஒரு லிட்டர் சிரப் கிடைக்கிறது.

அம்மா விஷயத்தில் எங்கும் கவனமாக இருக்க வேண்டியவை இவை. தென் மாநிலங்களில் கீரை, பீன்ஸ் எதுவானாலும் பன்றி எலும்போ பேக்கனோ போட்டுத்தான் வேகவைப்பார்கள். நியூ ஆர்லியன்ஸின் புகழ்பெற்ற சிவப்பு பீன்ஸ் சோறும் அப்படித்தான். மெக்ஸிகன் கடைகளில் மசித்த பீன்ஸில் பன்றிக்கொழுப்பு இருக்கலாம், சோற்றைக் கோழிச் சாற்றில் வேகவைத்திருக்கலாம். சீசர் சாலட் டிரெஸ்ஸிங்கில் நெத்திலி மீன் உண்டு. மார்ஷ்மெல்லோவிலும் ஜெல்லோவிலும் விலங்குகளின் எலும்பு, தோலிலிருந்து எடுக்கும் ஜெலட்டின். அமெரிக்க மெக்டொனால்ட்ஸ் பிரெஞ்சு ஃப்ரைஸில்கூட மாட்டிறைச்சிச் சுவையூட்டி சேர்க்கிறார்கள். பை வகைகளின் மாவில் சில கடைகளில் பன்றிக்கொழுப்பு போடுவார்கள். "வெஜிடேரியன்" என்று மட்டும் சொன்னால் சிலர் மீனையும் கோழிச் சாற்றையும் கணக்கில் எடுப்பதில்லை. இறைச்சி, மீன், அவற்றின் சாறு, கொழுப்பு எதுவும் கூடாது என்று விரித்துச் சொல்லுங்கள். முகம் சுளிக்காமல் உள்ளே போய்க் கேட்டு வந்து சொல்வார்கள். மெக்கரோனி சீஸ், கிரில்டு சீஸ் சாண்ட்விச், சோள ரொட்டி, சுட்ட சோளக்கதிர் எங்கும் கிடைக்கும். சோள ரொட்டியில் மட்டும் பேக்கன் கொழுப்பு உண்டா என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

மெனுவில் போட்டிருக்கும் விலையோடு வரி தனியாக ஏறும். மேசையில் வந்து பரிமாறினால் 18 முதல் 20 சதவீதம் டிப்ஸ் வைக்க வேண்டும், பரிமாறுபவரின் வருமானமே பெரும்பாலும் அதுதான். கவுண்டரில் நீங்களே வாங்கிக்கொண்டால் கட்டாயமில்லை. அளவு பெரிதாக இருக்கும், இரண்டு பேருக்கு ஒன்று சொல்லிவிட்டு அப்புறம் பாருங்கள். மிச்சத்தைப் பெட்டியில் கட்டிக் கேட்பது இங்கே சாதாரணம்.

தேதி குறிக்கும்போது இரண்டைப் பார்த்துக்கொள்ளுங்கள். நியூ ஆர்லியன்ஸில் ஒரு திங்கட்கிழமை இருக்கும்படி செய்யுங்கள். சிவப்பு பீன்ஸ் சோறு அந்த ஊரில் திங்கட்கிழமைச் சாப்பாடு, துணி துவைக்கும் நாளில் அடுப்பில் ஏற்றிவிட்டுவிடலாம் என்று ஏற்பட்ட வழக்கம். அந்த ஊர்க்காரரான ஜாஸ் இசைக் கலைஞர் லூயி ஆம்ஸ்ட்ராங் தம் கடிதங்களில் கையெழுத்துக்கு மேலே அந்தப் பண்டத்தின் பெயரை எழுதுகிற அளவுக்குப் பிரியம் வைத்திருந்தார். லாக்ஹார்ட்டுக்கு வாரநாளில் காலை 11 மணிக்குள் போய்ச் சேருங்கள். இறைச்சி தீர்ந்துவிட்டால் வேண்டியது கிடைக்காது, சனிக்கிழமைகளில் அது சீக்கிரமே தீர்ந்துவிடும்.